பள்ளிக்கூடத் தளமும் பிதென்சியோவின் தண்ணீர் லாரியும்

லோமா செகா, திஹுவானா
மே ஆறாம் தேதி

அன்பு மகள் நோஎமிக்கு அப்பா எவோதியோ எழுதுவது. இந்தக் காகிதத்தை நீ பிரிக்கும்போது சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், வயிறாரச் சாப்பிட்டு, காலில் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று குவாதலூப்பே மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம்தான். அம்மாவுக்குச் சர்க்கரை அடங்கித்தான் இருக்கிறது, அலமாரிக்குப் பின்னால் அவள் ஒளித்து வைக்கும் இனிப்பு ரொட்டி எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீயும் காட்டிக்கொள்ளாதே. என் முழங்கால் ஏணியைக் கண்டால் மட்டும் முனகுகிறது, மற்றபடி அறுபத்திரண்டு வயதில் என்னைப் போல் சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன் இந்தக் குன்றில் வேறு யார் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும், குளிர் எப்படி, சாப்பிட்டாயா, இந்தா அம்மாவிடம் பேசு, அவ்வளவுதான். இது அப்படிச் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. மூலையில் டாக்கோ விற்கிற செனைதாவின் தம்பி அடுத்த வாரம் உன் பக்கம் ஆப்பிள் வேலைக்கு வருகிறான், அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். வரிசையாகப் படி, நடுவில் தாண்டிக் கடைசிக்குப் போகாதே, சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

முதலில் நல்ல செய்தி. நம் குன்றுக்குப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது! இரண்டு அறை, சிமெண்ட் கல் சுவர், தலைக்கு மேல் கான்கிரீட் தளம், வாசலில் அரசாங்கம் கொடுத்த எண் எழுதிய பலகை. நீ போனபோது உச்சியில் சக்கரம் இல்லாத பழைய பஸ் ஒன்று நின்றதே, செனைதாவின் கோழிகள் முட்டையிடுமே, அதைக் கழுவி சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு யாரெத்சி டீச்சர் மூன்று வருஷம் அதற்குள்தான் பாடம் நடத்தினாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் குப்பைமேட்டில் தகரமும் பாட்டிலும் பொறுக்குகிற வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் வடக்கே எல்லை தாண்டலாம் என்று தெற்கிலிருந்து வந்து, முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள், பிறப்புச் சான்றிதழ் கூடக் கிடையாது. கீழே இருக்கிற பள்ளிகளில் சான்றிதழ் கேட்பார்கள், சீருடை கேட்பார்கள், ஷூ கேட்பார்கள். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை, மூக்கைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னாள். இருபத்தாறு வயதுப் பெண், குச்சி உடம்பு, குரல் மட்டும் தொழிற்சாலைச் சங்கு. மார்ச் மாதம் கல்வி இலாகாவிலிருந்து கடுதாசி வந்தது. ஏப்ரல் இருபது, திங்கட்கிழமை, மேற்பார்வையாளர் வருவார், அன்றைக்கு நிலையான கூரையோடு கட்டடம் இருந்தால் பள்ளிக்கு எண் கிடைக்கும், டீச்சர் இங்கேயே இருப்பாள், புத்தகம் வரும். இல்லாவிட்டால் டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், பிள்ளைகள் பழையபடி குப்பைமேட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தச் செனைதாதான் இப்போது பெற்றோர் கமிட்டித் தலைவி. மாவு ஒட்டிய கையோடு நம் வீட்டுக்கு வந்து, "மேஸ்திரி, செவுரு நாங்க ஏத்திட்டோம், கூரை உங்க கையில, புள்ளைங்களும் உங்க கையில" என்று சொல்லிவிட்டு நான் சரி சொல்லும் முன்பே போய்விட்டாள். போகட்டும், நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

தளம் போடுவது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, என் தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள். கூரை ஒரு வீட்டுக்காரனுடையது, அதைப் போடுகிற கை குன்று முழுவதினுடையது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கலவை தூக்க ஆளுக்கொரு பெயிண்ட் டப்பாவோடு வந்து நிற்க வேண்டும், யாரும் கூலி கேட்பதில்லை, வீட்டுக்காரன் சாப்பாடு போடுவான். தொடங்கிவிட்டால் முடியும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நின்று இறுகிவிட்டால், பிறகு எவ்வளவு கொட்டினாலும் பழையதும் புதியதும் ஒட்டாது, அந்த இடத்தைத்தான் ஒட்டு என்போம், அதில் வெடிப்பு விடும், முதல் மழையிலேயே ஒழுகும். இந்தக் குன்றில் அறுபத்துமூன்று கூரைகள் என்னுடையவை, ஒன்றிலாவது ஒட்டு உண்டா? பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்காரன் யார், யார் சமைப்பது என்று கமிட்டியில் ஒரு மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் வீட்டுக்கு ஒரு பானை என்று முடிந்தது. அடுத்து தண்ணீர்ப் பேச்சு வந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மார்ச் மழையில் மேல் திருப்பம் அரித்துப் போய்விட்டது, அதில் வளைந்து ஏறக்கூடிய தண்ணீர் லாரி ஒன்றே ஒன்றுதான், பக்கத்துச் சந்துப் பிதென்சியோவின் குட்டை லாரி. அவனோடு நமக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று நான் சொன்னதும் உனக்குத் தெரியும். அதற்குத்தான் பிறகு வருகிறேன். "தண்ணி என் பொறுப்பு, அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். கீழே ஒரு பெரிய லாரிக்காரனைப் பேசினேன், அவனும் திருப்பத்தைப் பார்க்காமலே வருகிறேன் என்றான், நானும் அவனைத் திருப்பத்தைக் காட்டக் கூட்டிவரவில்லை. நாற்பது வருஷ மேஸ்திரி செய்கிற வேலையா அது? வீம்பு கண்ணை மறைத்துவிட்டது.

ஏப்ரல் பத்தொன்பது, ஞாயிறு, ஆறு மணிக்கு மாதாவைக் கும்பிட்டுவிட்டு முதல் டப்பாவை நானே கொட்டினேன். அறுபது பேர் வரிசை, கலவை மெஷின் ஓடுகிறது, பஸ்ஸின் கூரையில் பிள்ளைகள் உட்கார்ந்து டப்பாக்களை எண்ணுகிறார்கள், சும்மா சொல்லக் கூடாது, பார்க்கக் கண் நிறைந்தது. கையிருப்பு மூன்று பீப்பாய்த் தண்ணீர். எட்டு மணிக்கு லாரி வந்துவிடும் என்று தைரியமாகத் தொடங்கிவிட்டேன். எட்டுக்கு லாரி வந்தது, திருப்பத்துக்குக் கீழே நின்றது, டிரைவர் இறங்கி இடுப்பில் கை வைத்துப் பார்த்தான், ஏறினான், பின்பக்கமாகவே இறங்கிப் போய்விட்டான். எட்டரைக்கு மூன்றாவது பீப்பாயின் அடியில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. மூன்றில் ஒரு பங்கு கொட்டியாயிற்று, மெஷின் நின்றது, அறுபது பேரும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். வெயில் ஏறுகிறது, மிஞ்சிப் போனால் இன்னும் ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு என் அறுபத்துநாலாவது கூரையில் ஒட்டு விழும், அதைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் பேனாவை மூடிவிடுவார். "நான் போய்க் கேக்கட்டுமா மேஸ்திரி?" என்றாள் செனைதா. உன் அம்மா கீழேயிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "நீ எதுக்குப் போற? தண்ணி யாரு பொறுப்புன்னு சொன்னாங்களோ அவங்களே போகட்டும். இவர் வீம்பைக் கரைச்சு ஊத்தினா பத்துத் தளம் போடலாம், என்ன பண்ண, கரையாதே" என்றாள். அறுபது பேர் முன்னால்! நான் ஏணியில் இறங்கினேன். முழங்கால் முனகியது, யாருக்கும் கேட்கவில்லை.

அந்தச் சந்தில் நான் கால் வைத்து இருபத்திரண்டு வருஷம். அவன் வாசலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. "என்னய்யா மேஸ்திரி, வழி தவறி வந்துட்டியா?" என்றான். நான் தொப்பியைக் கழற்றினேன். எவ்வளவோ சொல்ல நினைத்துக்கொண்டு போனேன், வாயில் வந்தது இவ்வளவுதான், "தண்ணி வேணும் பிதென்சியோ. மூணுல ஒரு பங்கு கொட்டியாச்சு." நின்னு எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டான், பதினைந்து நிமிஷம் என்றேன். நகவெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான். "நேத்தே ரொப்பி நிறுத்தி வெச்சிருக்கேன். மூணு பீப்பாயை வெச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய தளம் போடற முட்டாள் எப்ப வரப்போறான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஏறு, ஏறு" என்றான். நான் ஏறினேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது அவன் பக்கத்தில் நீ உட்காருவாயே, அதே சீட்டு, பஞ்சு பிதுங்கிக்கொண்டு அப்படியே இருக்கிறது. இன்ஜின் சூடாகும்வரை ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமலே பேசினான். "ஒண்ணு சொல்லணும். தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, தண்ணி புள்ளைங்களுக்கு. ஆறு வருஷம் முன்னால நோஎமி ஊரை விட்டுப் போறப்ப பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்துச்சு. ஏறும்மா, பஸ் ஸ்டாண்டுல விடறேன்னேன். சின்னப் புள்ளையில ஏத்த மாட்டேன்னீங்க தோன் பிதென்சியோ, இப்ப மட்டும் எதுக்குன்னு கேட்டுட்டுப் போயிருச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. திருப்பம் எறங்கறப்பதான் புரிஞ்சுது." நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "ஊரை விட்டுப் போற புள்ளகிட்ட உங்கப்பன் பொய் சொன்னான்னு சொல்லி அனுப்பச் சொல்றியா? நான் அவ்வளவு கெட்டவன் இல்லய்யா. நீயே சொல்லு. எழுதிச் சொல்லு, போன்ல நீ மழுப்பிடுவே" என்றான். கியரைப் போட்டான், லாரி ஏறியது.

தளம் இரண்டு மணிக்கு முடிந்தது, ஒட்டு இல்லாமல். நீ வந்தால் கண்ணாடி வைத்துத் தேடு, கிடைக்காது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பிதென்சியோவின் மனைவி ஒஃபேலியா சோளமும் பன்றிக்கறியும் போட்ட பொசோலே ஒரு பெரிய பானை கொண்டுவந்தாள், முதல் கிண்ணத்தை நேராக என் முன்னால் வைத்தாள். நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அவள் கைப்பக்குவம் தனி. மறுநாள் மேற்பார்வையாளர் வந்து, ஏணியில் பாதி ஏறிப் பயந்து இறங்கிவிட்டு, கூரை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். தளம் காயாமல் ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டுமே, தினமும் காலையில் பிதென்சியோவே வந்து ஊற்றினான், யாரும் கேட்கவில்லை. மே மூன்று சிலுவைத் திருநாள், எங்கள் மேஸ்திரிகளின் நாள், அன்று கருவியைத் தொடக் கூடாது, அதனால் முந்தின நாளே தளத்துக்கு அடியில் கொடுத்திருந்த அடைப்புப் பலகைகளைப் பிரித்துவிட்டோம். திருநாளன்று பிள்ளைகள் காகிதப் பூ சுற்றிய சிலுவையைக் கூரையில் நட்டார்கள், திங்கட்கிழமை எண் வந்துவிட்டது. அரசாங்கம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

இனி இது. தளம் போட்டுப் பதினேழு நாளாக இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். உனக்கு ஒன்பது வயது, நவம்பர் மாதம், பிதென்சியோ தன் வீட்டுக்குத் தளம் போட ஒஃபேலியாவின் அண்ணனை மேஸ்திரியாகக் கூட்டிவந்தான். மச்சானைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவான், இன்றைக்குப் புரிகிறது, அன்றைக்குப் பக்கத்துச் சந்தில் நான் இருக்கும்போது என் மூக்கை அறுத்ததாக நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போய், நாளைக்கு யார் அங்கே டப்பா தூக்குகிறார்களோ அவர்கள் கூரைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவரும் போகவில்லை, நோஎமி. ஒஃபேலியா எண்பது பேருக்குப் பொசோலே காய்ச்சி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வாசலில் நின்றாள், கடைசியில் நாய்களுக்கு ஊற்றினாள், வாசனை நம் வீடு வரைக்கும் வந்தது. அவனும் மச்சானும் இரண்டே பேராகப் போட்டு, பாதியில் இருட்டி நின்றுபோனது, அந்த வெடிப்பு இன்றைக்கும் அவன் கூரையில் இருக்கிறது. மறுநாள் திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு, எப்போதும் உன்னைக் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிற நேரத்துக்கு, அவன் நம் வாசலில் லாரியை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அவ்வளவு நடந்த பிறகும் வந்தான். அம்மா காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள், நீ உள்ளே ரிப்பன் தேடிக்கொண்டிருந்தாய். நான் வெளியே போய், "என் பொண்ணுக்கு உன் லாரி வேண்டாம், போ" என்றேன். "புள்ள என்னய்யா பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டான். நான் உள்ளே வந்து உன்னிடம், பிதென்சியோ இனிமேல் உன்னை ஏற்ற மாட்டானாம் என்று சொன்னேன். நீ ஒரு பின்னல் போட்டும் போடாமலும் நின்றுகொண்டு, "ஹாரன் சத்தம் கேட்டுச்சேப்பா" என்றாய். அது வேறு லாரி என்றேன்.

பத்து நாள் நீ நடந்து போனாய். பிறகு மழை பிடித்தது, ஓடையில் வெள்ளம், வீட்டிலேயே இரு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை, பதினைந்து வயதில் தொழிற்சாலைக்குப் போனாய். மழைதான் காரணம், பிதென்சியோதான் காரணம் என்று நான் சொல்லிச் சொல்லி எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. போன மாதம் அங்கே வேலை இடத்தில் உன்னைப் பத்துப் பேருக்கு மேற்பார்வை பார்க்கச் சொன்னார்களாம், எழுத்து வேலை இருக்கிறது என்று வேண்டாம் என்றாயாம், பிதென்சியோ அன்றைக்கு ஏற்றியிருந்தால் நானும் ஆபீசர் ஆகியிருப்பேன் என்று அம்மாவிடம் போனில் சிரித்தாயாம். அவளும் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். போன வியாழக்கிழமைதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். மூன்று நாள் தட்டு வைத்தாள், பேசவில்லை. நாலாம் நாள் காகிதத்தையும் பேனாவையும் என் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். மகளே, நான் செய்தது பெரிய தப்பு. மன்னித்துவிடு என்று கேட்கிறேன், உடனே பதில் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த வேலையை மறுபடியும் கேட்டு வாங்கு. நான்காம் வகுப்போடு உன்னை நிறுத்தியது நான், உன் மூளை அல்ல. தெருப் பலகைகளை எல்லாம் லாரியில் போகும்போது சத்தம் போட்டுப் படித்துக் காட்டியவள் நீ, அந்த மனுஷன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். பார், கடிதம் முழுக்க அவன் இவன் என்றே எழுதியிருக்கிறேன், இந்த வீட்டின் கெட்ட பழக்கம், இனி உன்னைப் போல் மரியாதையாகத் தோன் என்றே சொல்கிறேன். அங்கே மாலை வகுப்பு நடக்கிறதாம், யாரெத்சி டீச்சர் விசாரித்துச் சொன்னாள், விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போய்ச் சேரு. குளிர் என்று சாக்குச் சொல்லாதே.

எனக்குப் பதில் எழுதும் முன்னால் தோன் பிதென்சியோவுக்கு நாலு வரி எழுது. அவருக்குப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு பிள்ளை படித்துக் காட்டும், அதற்குத்தானே கட்டியிருக்கிறோம். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா முத்தம் கொடுக்கச் சொல்கிறாள், இரவு ஷிப்டு கேட்டால் ஒப்புக்கொள்ளாதே என்கிறாள், சிவப்பு ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் போடாதே என்கிறாள். மாதா உன்னை நடக்கிற வழியிலும் படுக்கிற இடத்திலும் காக்கட்டும், உன் கைக்கு வலுவும் உன் வார்த்தைக்கு மதிப்பும் நாளுக்கு நாள் கூடட்டும் என்று நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன்.

உன் அப்பா,
மேஸ்திரி எவோதியோ

பி.கு. கீழ்ப்பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேரைத் தோன் பிதென்சியோ இப்போது தினமும் தன் லாரியில் மேலே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருகிறார். ஆறே முக்காலுக்கு நம் வீட்டைத் தாண்டும்போது இரண்டு ஹாரன் அடிக்கிறார். இன்றைக்குக் காலையில் வாசலுக்குப் போய் நின்று கேட்டேன். அன்றைக்கு உன் காதில் விழுந்தது சரிதான், மகளே. அது வேறு லாரி இல்லை. உனக்காக அடித்ததுதான்.